நம்பர் பிளேட்டும் ஒரு ரசீதும்

காரில் என்னென்ன திருடு போகும் என்று கேட்டால் நம்மவர்கள் பேட்டரி, ஸ்டெப்னி, பாட்டுப் பெட்டி என்று வரிசையாகச் சொல்வார்கள். பக்கக் கண்ணாடியைக்கூடச் சொல்வார்கள். நம்பர் பிளேட் என்று சொல்பவர்கள் குறைவு. சில நூறு ரூபாய் பெறாத அலுமினியத் தகடு. அதை எடுத்துப் போய் எவன் என்ன செய்வான் என்ற நினைப்புதான். சென்ற மாதம் நடைப்பயிற்சி நண்பர்கள் இருவர், ஒருவருக்குத் தகடு உடைந்து போய், இன்னொருவருக்குக் களவு போய், என்ன செய்வது என்று என்னைக் கேட்டார்கள். எனக்கு இந்த விஷயத்தில் சொந்த அனுபவம் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். வாயால் இரண்டு பேருக்குச் சொன்னதை எழுதி வைத்தால் பத்துப் பேருக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் பிரான்ஸைத் தொடாமல் எதையும் ஆரம்பிக்க வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வண்டிக்குத் தகடு மாட்டச் சொன்ன முதல் ஊர் பாரிஸ் என்று சொல்வார்கள். 1893 ஆகஸ்ட் 14 அன்று பாரிஸ் போலீஸ் ஓர் ஆணை போட்டது. வண்டிச் சொந்தக்காரரின் பெயர், முகவரி, அனுமதி எண் ஆகியவற்றை ஓர் உலோகத் தகட்டில் எழுதி வண்டியின் இடது பக்கம் மாட்ட வேண்டும், அதை ஒருபோதும் மறைக்கக் கூடாது என்பது ஆணையின் சாரம். பள்ளியில் எங்களுக்கு இதை 'பிளாக்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டு வாசலில் இருப்பதும் பிளாக், வண்டியில் இருப்பதும் பிளாக். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. உள்ளே இருப்பவர் யார் என்று வெளியே இருப்பவருக்குச் சொல்கின்றன.

நம் நாட்டில் இப்போதுள்ள முறை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தோடு, 1989 ஜூலையில் வந்தது. மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, வட்டாரத்துக்கு இரண்டு இலக்கம், பிறகு வரிசை எழுத்தும் எண்ணும். நம் புதுச்சேரிக்கு பி.ஒய். புதுச்சேரி 01, காரைக்கால் 02, மாஹே 03, ஏனாம் 04. அரபிக் கடல் ஓரத்து மாஹே வண்டியும் ஆந்திரக் கரையில் இருக்கும் ஏனாம் வண்டியும் ஒரே இரண்டு எழுத்தோடு ஓடுவது, இங்கே வந்து போன ஆட்சியின் மிச்சம். வெளியூர்க்காரர்கள் இதைக் கண்டு வியப்பார்கள். நமக்குப் பழகிவிட்டது.

இப்போது வரும் தகட்டுக்கு உயர் பாதுகாப்புப் பதிவுத் தகடு என்று பெயர். எச்.எஸ்.ஆர்.பி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். இதற்கான விதி 2001-லேயே வந்துவிட்டது. ஆனால் வழக்கு, டெண்டர், மறுபடி வழக்கு என்று உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பல ஆண்டுகள் இழுத்தது. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கடைசியில் 2019 ஏப்ரல் 1 முதல் தயாராகும் எல்லாப் புது வண்டிகளுக்கும் இந்தத் தகட்டோடுதான் ஷோரூமிலிருந்து வெளியே வர வேண்டும் என்று ஆயிற்று.

அந்தத் தகட்டை ஒரு முறை கிட்டே போய்ப் பாருங்கள். பலர் தங்கள் வண்டியிலேயே பார்த்திருக்க மாட்டார்கள். இடது மேல் மூலையில் 20 மில்லிமீட்டர் சதுரத்தில் குரோமியம் ஹோலோகிராம், அதில் அசோகச் சக்கரம். அதன் கீழே நீல நிறத்தில் ஐ.என்.டி. என்ற எழுத்து. இடது கீழ் மூலையில் லேசரால் பொறித்த ஒரு நீளமான எண். இது வண்டியின் எண் அல்ல, அந்தத் தகட்டின் எண். முன் தகட்டுக்கு ஒன்று, பின் தகட்டுக்கு வேறொன்று. வண்டி எண்ணின் எழுத்துகள் மேலே எழும்பி இருக்கும். அவற்றின் மேல் ஒட்டிய கறுப்புப் படலத்தில் 45 டிகிரி சாய்வில் இந்தியா என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்து ஓடும். தகட்டை வண்டியோடு பிணைப்பது சாதாரணத் திருகு அல்ல, 'ஸ்நாப் லாக்'. ஒரு முறை மாட்டினால் கழற்ற முடியாது, உடைக்கத்தான் முடியும். உடைத்ததை மறுபடி மாட்ட முடியாது.

இவை போக முன் கண்ணாடியின் உள்பக்கம் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். பெட்ரோல், சி.என்.ஜி. வண்டிக்கு வெளிர் நீலம், டீசலுக்கு ஆரஞ்சு. வண்டி எண்ணும், இரண்டு தகடுகளின் லேசர் எண்களும் அதில் அச்சாகி இருக்கும். பிரிக்கப் பார்த்தால் கிழிந்து போகும். இதை மூன்றாவது பதிவு அடையாளம் என்கிறது விதி. பலர் இதை ஷோரூம்காரர்கள் ஒட்டிய விளம்பரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தனை பூட்டு போட்டும் திருடு போகுமா என்றால், போகும். 2022-இல் எனக்குப் போயிற்று.

எங்கள் வீட்டில் கார் நிறுத்த இடம் இல்லை. தெருவில்தான் நிற்கும். வெள்ளை நிறச் சின்ன வண்டி. என் மனைவியை மாதம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதற்கும், ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்கும் தவிர அதிகம் எடுப்பதில்லை. ஒரு வியாழக்கிழமை காலை பால் வாங்கப் போகும்போது பார்த்தேன், பின் தகடு இல்லை. இரண்டு ஸ்நாப் லாக்குகளும் பிளந்து, ஒன்றின் துண்டு தரையில் கிடந்தது. முன் தகடு சுவரை ஒட்டி இருந்ததால் தப்பித்தது. கண்ணாடி உடையவில்லை, கதவு திறக்கவில்லை, வேறு எதையும் தொடவில்லை. அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெட்ரோல் எடுக்க வந்தவனோ பேட்டரி எடுக்க வந்தவனோ என்றால் ஆசை என்ன என்று தெரியும். எண்ணை மட்டும் எடுத்துப் போனவனுக்கு என்ன வேண்டும்? என் பெயர் வேண்டும், அவ்வளவுதான்.

தெருவில் கூட்டம் சேர்ந்தது. ஆளுக்கு ஒரு யோசனை. எதிர் வீட்டுப் பையன், நல்ல பிள்ளை, உடனே வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"மாமா, நீங்க ஏன் அலையணும்? நம்ம ஸ்டிக்கர் கடையில சொன்னா பதினஞ்சு நிமிஷத்துல போட்டுத் தருவான். அந்தச் சக்கரம் எல்லாம் அச்சு அசலா இருக்கும். நானூறு ரூபா."

"அந்தச் சக்கரத்த அவன் எங்கிருந்து எடுக்கிறான் தம்பி?" என்று கேட்டேன். அவனுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. ஆனால் என் தகட்டைத் திருடியவனும், சக்கரத்தை அச்சடிப்பவனும் ஒரே சந்தையில் வியாபாரம் செய்பவர்கள் என்பது மட்டும் புரிந்தது.

இங்கே ஒரு சட்டக் குறிப்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி பதிவு செய்திருந்தால் மட்டும் போதாது. பதிவு எண்ணை விதித்த முறையில் காட்டிக்கொண்டுதான் வண்டி ஓட வேண்டும். மீறினால் 192-ஆம் பிரிவில் முதல் முறைக்கே 5000 ரூபாய் வரை அபராதம். விதித்த முறை என்பது எழுத்தின் அளவு வரைக்கும் போகும். காருக்கு எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், தடிமன் 10, இடைவெளி 10. எழுத்து ஆங்கிலத்தில், எண் நாம் வழக்கமாக எழுதும் 1, 2, 3. தமிழ்ப் பற்றில் தமிழில் எழுதுவதும், 8055 என்ற எண்ணை வளைத்து 'பாஸ்' என்று படிக்கும்படி செய்வதும் ஒன்றுதான், இரண்டும் விதிக்குப் புறம்பு.

அன்று மாலைக்குள் நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். எங்கே போயிருந்தாலும் இதே பேச்சுதான் நடந்திருக்கும். ரைட்டர் இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நான் எழுதிக்கொண்டு போன மனுவைப் படித்துவிட்டு, "ஐயா, 'திருடப்பட்டது'ன்னு எழுதிருக்கீங்க. 'காணவில்லை'ன்னு மாத்தி எழுதிக் குடுங்க. ஓடும்போது எங்கயாவது கழண்டு விழுந்துருக்கும். உடனே ஒரு சர்ட்டிபிகேட் குடுத்துடறேன், நீங்க போய் வேற வாங்கிக்கலாம். திருட்டுன்னா எஃப்.ஐ.ஆர். போடணும், இன்ஸ்பெக்டர் வரணும், உங்களுக்குத்தான் அலைச்சல்" என்றார்.

அவர் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு திருட்டு வழக்கும் மாதக் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டிய ஒரு வரி. நானும் முப்பது வருஷத்துக்கு மேல் நிலுவைப் பட்டியல் தயாரித்தவன்தான். பட்டியல் குறைந்தால் மேலதிகாரி முகம் மலரும் என்று அறிவேன். ஆனால் பள்ளியில் எங்களுக்கு டிக்டே போட்ட ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஒரு சொல்லுக்குப் பதில் பக்கத்துச் சொல்லை எழுதினால், பொருள் ஏறக்குறைய சரிதானே என்று ஏற்றுக்கொள்ள மாட்டார். 'ஏறக்குறைய' என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. அந்தப் பழக்கம் பிறகு ஆபீஸில் எனக்குச் சோறு போட்டது.

"தம்பி, விழுந்தா லாக் முழுசா விழும், இப்படிப் பொளந்து நிக்காது" என்று சொல்லி, தரையில் பொறுக்கிய துண்டையும், செல்போனில் எடுத்த படங்களையும் காட்டினேன். "காணோம்னு நான் எழுதிட்டா, நாளைக்கு அந்த நம்பர்ல ஏதாவது நடந்தா, எங்கயோ விழுந்ததை எவனோ எடுத்தான்னு ஆயிடும். இன்னிக்கு தேதியில திருட்டுன்னு பதிவாகணும். எத்தனை நேரமானாலும் உக்காந்திருக்கேன்."

இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இன்ஸ்பெக்டர் வந்தார், படங்களைப் பார்த்தார், "பெரியவர் சொல்றது சரிதான், போட்டுடுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். இரவு எட்டு மணிக்கு எஃப்.ஐ.ஆர். நகலோடு வீட்டுக்கு வந்தேன். எண், தேதி, நேரம், முத்திரை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். தபால் வரவுப் பதிவேட்டை வருஷக்கணக்கில் எழுதியவனுக்கு ஒரு காகிதத்தின் உயிர் அதன் தேதி முத்திரையில் இருக்கிறது என்று தெரியும். என் அப்பா காலத்து ஆட்கள் இந்த மாதிரிக் காகிதத்தை 'ரெசெப்பிசே' என்பார்கள். மனு கொடுத்ததற்கு ரெசெப்பிசே வாங்காமல் எந்த அலுவலகத்தை விட்டும் வெளியே வரக் கூடாது என்பது அவர் எனக்குச் சொன்ன பாடங்களில் ஒன்று.

புதுத் தகடு வாங்குவது பிறகு சிரமமாக இல்லை. எஃப்.ஐ.ஆர். நகல், ஆர்.சி. புத்தகத்தின் நகல், இன்ஷூரன்ஸ், என் அடையாள அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வண்டி வாங்கிய ஷோரூமுக்குப் போனேன். வண்டிக் கம்பெனி அங்கீகரித்த தகடு தயாரிப்பாளரிடம் ஆன்லைனில் பதிவு செய்து கொடுத்தார்கள். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது, அதற்கும் ரசீது. திருடு போனதற்கு எஃப்.ஐ.ஆர். கட்டாயம் கேட்கிறார்கள். இடித்து நசுங்கியது என்றால் அது வேண்டாம், ஆனால் நசுங்கிய பழைய தகட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒன்பதாம் நாள் தகடு வந்தது. எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் வைத்துக்கொண்டு, பகல் நேரத்தில், வீட்டிலிருந்து நேராக ஷோரூமுக்கு ஓட்டிப் போனேன். தகட்டை நம் கையில் தர மாட்டார்கள். அவர்களேதான் வண்டியில் பிணைப்பார்கள். புதுத் தகட்டுக்குப் புது லேசர் எண் என்பதால் கண்ணாடி ஒட்டுத்தாளையும் மாற்றி ஒட்டினார்கள். புது எண் வாகனப் பதிவுக் கணினியில் ஏறியது.

அந்த ஒன்பது நாளும் மனைவியை ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். "நானூறு ரூபாயில முடிஞ்சிருக்கும், நீங்களும் உங்க ரூலும்" என்று ஒரு தடவை சொன்னாள். ஆட்டோ குலுக்கலில் அவளுக்கு இடுப்பு வலி. பதில் பேசவில்லை.

தகடு மாட்டி மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒரு விடியற்காலை, ஆறு மணிகூட ஆகவில்லை, கதவைத் தட்டினார்கள். சாதாரண உடையில் இரண்டு பேர், ஜீப்பில் இன்னும் இரண்டு பேர். பக்கத்து மாவட்டத்து மதுவிலக்குப் பிரிவு போலீஸ். நம் ஊரில் சரக்கு விலை குறைவு என்பதால் எல்லை தாண்டிக் கடத்துவது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். சோதனைச் சாவடியில் நிற்காமல் பறந்த ஒரு வண்டியின் பின் தகட்டைக் குறித்து வைத்திருந்தார்கள். போகிற வேகத்தில் ஒரு காவலரின் காலில் இடித்துவிட்டுப் போயிருக்கிறது அந்த வண்டி. எண் என்னுடையது. முகவரி என்னுடையது. வண்டியும் வெள்ளை.

"சார், வண்டிய யார் ஓட்டுவாங்க? பையன் இருக்கானா?" என்று முதல் கேள்வி. என் மனைவி சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். எதிர் வீட்டில் விளக்கு எரிந்தது. எழுபது வயதுக்கு மேல் ஒரு மனிதனிடம் மிச்சம் இருப்பது தெருவில் அவனுக்குள்ள பெயர்தான். அது ஒரு கேள்வியில் எப்படி ஆடும் என்று அன்று பார்த்தேன்.

அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்து வந்தேன். எஃப்.ஐ.ஆர். நகல், தகடு பதிவு ரசீது, மாட்டிய தேதி போட்ட ஷோரூம் ரசீது, உடைந்த லாக்கின் படங்கள், அடுக்கி வைத்தபடியே இருந்தன. அவர்களில் மூத்தவர் நின்றபடியே படித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். அவர்கள் சாவடிச் சம்பவத்தின் தேதி, என் எஃப்.ஐ.ஆர். தேதிக்குப் பன்னிரண்டு நாள் பிந்தியது. வெளியே போய் வண்டியின் புதுத் தகட்டில் லேசர் எண்ணைப் பார்த்து, கண்ணாடியில் ஒட்டிய எண்ணோடு ஒத்துப் பார்த்தார்கள். நகலை செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

"நல்ல வேளை சார், திருட்டுன்னே எழுதி வாங்கியிருக்கீங்க. காணோம்னு மட்டும் இருந்தா, உங்கள ரெண்டு மூணு தடவ அங்க வரவெச்சிருப்போம்" என்றார் போகும்போது. என் மனைவி அவர்களுக்குக் காபி கொடுத்தாள். வாங்கிக் குடித்தார்கள்.

அப்புறம் அந்த வண்டி ஒரு முந்திரித் தோப்பில் அனாதையாக நிற்கையில் பிடிபட்டது என்று கேள்விப்பட்டேன். பின்னால் என் தகடு, முன்னால் வேறு யாருடையதோ. அந்த வேறு யாரோ, புகார் கொடுத்தவரா, பதினைந்து நிமிடத்தில் காரியத்தை முடித்தவரா என்று தெரியவில்லை. என் பழைய தகடு வழக்குச் சொத்தாக எங்கோ ஓர் அறையில் சீட்டுக் கட்டிக் கிடக்கும். எனக்கு அது வேண்டாம். எதிர் வீட்டுப் பையன் மட்டும் அன்று சாயங்காலம் வந்து, "மாமா, அந்த எஃப்.ஐ.ஆர். எப்படி எழுதணும்னு எனக்கு ஒரு காப்பி குடுங்க" என்றான்.

இந்தக் கதையைப் பாரிஸ் பக்கத்தில் இருக்கும் என் மைத்துனரிடம் போனில் சொன்னேன். அவர் சிரித்தார். அங்கே இதற்குத் தனிப் பெயரே உண்டாம், 'துப்லெத்'. உன் வண்டி மாதிரியே ஒரு வண்டி வாங்கி உன் எண்ணையே போட்டு ஓட்டுவது. திருடக்கூட வேண்டாம். அந்த ஊரில் தகடு செய்வது எளிது, 'கார்த் கிரீஸ்' என்ற பதிவுச் சீட்டைக் காட்டினால் கடையில் உடனே அடித்துக் கொடுப்பார்கள். 2009 முதல் அங்கே ஒரு வண்டிக்குக் கொடுத்த எண் வண்டியின் ஆயுள் முழுக்க மாறாது, மாவட்டம் மாறினாலும், கை மாறினாலும். ஆனால் யாராவது உன் எண்ணைப் போட்டு ஓட்டுவதாகப் புகார் கொடுத்தால், அந்த ரெசெப்பிசேவைக் காட்டி வண்டிக்குப் புது எண்ணே வாங்கலாம். அவருடைய நண்பர் ஒருவருக்கு, போகாத ஊரிலிருந்து அபராதச் சீட்டு மேல் சீட்டாக வந்து, கடைசியில் அப்படித்தான் தீர்ந்ததாம். மொழி வேறு, சட்டம் வேறு, காப்பாற்றும் காகிதம் அங்கும் ஒன்றுதான்.

நண்பர்களுக்கு நான் சொன்னவற்றை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. இன்றே வண்டியின் முன், பின் தகடுகளையும் கண்ணாடி ஒட்டுத்தாளையும் படம் எடுத்து வையுங்கள். லேசர் எண் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். செல்போன் தொலையும், நோட்டு தொலையாது.

2. தெருவில் நிறுத்தும்போது, ஒரு பக்கத்தையாவது சுவரை ஒட்டி நிறுத்துங்கள். பின் தகடு தெருவிளக்கின் வெளிச்சத்தில் இருக்கட்டும்.

3. பளபளப்பான ஃபிரேம் போடுவதற்காக ஸ்நாப் லாக்கை உடைத்துச் சாதாரணத் திருகு போடாதீர்கள். அந்த வேலையைச் செய்தால் அடுத்தவன் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு வந்தால் போதும். பழைய வகைத் தகடு இன்னும் வைத்திருப்பவர்கள் திருகுக்குப் பதில் ரிவெட் அடித்துக்கொள்ளலாம், பிரான்ஸில் ரிவெட்தான்.

4. மகனையும் மகளையும் பார்க்கப் பிரான்ஸுக்கு மூன்று மாதம் போகிறவர்கள் நம்மில் நிறைய. வண்டிக்கு உறை போட்டுவிட்டுப் போவார்கள். உறை வெயிலுக்கு நல்லது, தகட்டுக்கு அல்ல. உள்ளே தகடு இல்லை என்பது திரும்பி வந்துதான் தெரியும். வாரம் ஒரு முறை உறையைத் தூக்கிப் பார்க்க யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

5. வண்டியை எடுக்கும் முன் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். டயரைப் பார்க்கும் கண் தகட்டையும் பார்க்கட்டும்.

6. திருடு போனால் அன்றே புகார். உடைந்த துண்டை எறியாதீர்கள். மனுவில் திருட்டு என்றே எழுதுங்கள். ரசீது வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

7. இன்ஷூரன்ஸில் கேட்கலாமா என்றால், கேட்பதில் லாபம் இல்லை. 1500 சி.சி. வரை உள்ள காருக்கு முதல் 1000 ரூபாய் நம் தலையில்தான். தகட்டின் விலையே அவ்வளவு வராது. அதோடு, கேட்காமல் இருப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் போய்விடும்.

8. போகாத ஊரிலிருந்து அபராதச் செய்தி வந்தால் பயந்து கட்டிவிடாதீர்கள். கட்டினால் செய்தவர் நீங்கள் என்று ஆகிவிடும். இ-சலான் தளத்தில் குறை தெரிவிக்க இடம் இருக்கிறது. சலானில் உள்ள படத்தையும் உங்கள் புகார் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.

9. வண்டியை விற்றால் பெயர் மாற்றம் முடிந்ததா என்று நீங்களே விசாரியுங்கள். 29, 30 எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள். காயலான் கடைக்குப் போகும் வண்டியின் தகட்டை அப்படியே விடாதீர்கள்.

எதிர் வீட்டுப் பையன் கேட்ட மனு மாதிரி என்னிடம் இன்னும் இருக்கிறது. ஒரு பக்கம்தான். வண்டி எண், தகட்டின் லேசர் எண், கடைசியாகத் தகட்டைப் பார்த்த நேரம், இல்லாததைக் கண்ட நேரம், உடைந்த லாக்கின் நிலை, இணைத்திருக்கும் படங்களின் எண்ணிக்கை, இவ்வளவு இருந்தால் போதும். கோபத்தையும் சந்தேகத்தையும் அதில் எழுத வேண்டாம். தேதியை மட்டும் மறக்காமல் போடுங்கள்.